பேரரசருக்காக நனைந்த ரொட்டி

1889 செப்டம்பர் 18, குத்தாயிஸி

மழை. காலையில் முதலாண்டு மாணவர்களுக்குத் தர்க்கம். இரண்டு கூற்றுகளை இணைக்கும் நடுச்சொல் எது என்று தொடங்கினேன். மணி அடிக்கும்வரை முடிக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொன்ன உடனே அது சரிதானா என்று திரும்பிப் பார்ப்பது என் வழக்கம். மாணவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் ஜார்ஜிய மொழி காதில் விழும் ஒரே மணி நேரம் அது என்பதால் இருக்கலாம். மற்றப் பாடமெல்லாம் ருஷ்ய மொழியில். தாழ்வாரத்தில் தும்மினால்கூட ருஷ்ய மொழியில் தும்ம வேண்டும் என்பான் கயோஸ், எங்கள் பாட்டு ஆசிரியன்.

என் மணி நேரத்தை முன்பிருந்த இயக்குநர் ஒருவர் கண்டும் காணாமல் விட்டுவைத்தார். இந்த மாதக் கடைசியில் புதிய இன்ஸ்பெக்டர் வருகிறார். அது இருக்குமா, போகுமா என்பது இனி அவர் கையில்.

மாலையில் இலாரியோன் வீட்டுக்குப் போனேன். முப்பது வருடம் எனக்கு அடுத்த அறையில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன், இப்போது தலையணைக்குள் புதைந்து கிடக்கிறான். "எர்மலோஸ், 'ஒருவேளை' போடாம நீ ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதே இல்ல. நான் போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லேன்" என்றான். யோசித்தேன். "நாளைக்கு வர்றேன்" என்றேன். "சொல்லிட்டியே!" என்று சிரித்து, இருமி, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் 19

மழை வலுத்தது. போகவில்லை.

செப்டம்பர் 21

விடியும்போது இலாரியோன் போய்விட்டான். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேனே. சொன்ன ஒரே உறுதியான வாக்கியமும் பொய்.

செப்டம்பர் 24

அடக்கம் முடிந்தது. அவன் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு நீள மேசைகளில் துக்க விருந்து. அவரைக் குழம்பு, மீன், புது ஒயின். கயோஸ்தான் தமதா. யாருக்காகக் குடிப்பது, யார் பேசுவது என்பதையெல்லாம் சொல்லி மேசையை நடத்துகிற வேலை அவனுக்கு வாய்த்தது போல வேறு யாருக்கும் வாய்க்காது. நல்ல நாளில் மேசையைச் சிரிப்பால் அதிர வைப்பவன், இன்று குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு பெயராகச் சொன்னான். இலாரியோனுக்கு. அவன் அப்பா அம்மாவுக்கு. அவன் மனைவிக்கு. ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் கோப்பையைச் சாய்த்து, முன்னால் இருந்த ரொட்டித் துண்டில் கொஞ்சம் ஒயின் ஊற்றி, "ஒளி கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்தோம். எழுந்தபோது என் ரொட்டி சிவந்து, ஊறி, உதிர்ந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை தெஸ்பினே கேட்டாள்: "அண்ணா, ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்ல எல்லாத்தையும் ரொட்டிக்கே கொடுத்துட்டீங்களா?"

செப்டம்பர் 26

எழுத வேண்டும். முறையாக எழுத வேண்டும்.

புதிய இன்ஸ்பெக்டருக்கு வரவேற்பு விருந்து, மதியம், பள்ளிக்கூடத்தில். ஆர்செனி லூகிச் ஸவ்யாலொவ். என்னைவிடப் பத்து வயது இளையவர், தடித்த கழுத்து, சின்னக் கண்கள். கெட்டவர் போலத் தெரியவில்லை. அக்ரூட் அரைத்த கோழியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கயோஸ் தமதா. முதலில் பேரரசரின் நலத்துக்கு. எல்லோரும் எழுந்தோம். கயோஸ் அழகாகப் பேசி முடித்துவிட்டு, "இதைத் தொடர்ந்து பேசும் முறையை எங்கள் தத்துவ ஆசிரியருக்குத் தருகிறேன்" என்றான். வேண்டுமென்றே செய்தான், இன்ஸ்பெக்டர் முன்னால் நான் ஒளிரட்டும், மணி நேரம் பிழைக்கட்டும் என்று. முறை கைமாறினால் மறுக்கக் கூடாது.

நான் எதையோ பேசினேன். கடமை, ஒழுங்கு, நீண்ட ஆயுள். பேசும்போது மனத்தில் இலாரியோனின் கை. பேசி முடித்தேன். கோப்பையைத் தூக்கினேன். பிறகு — ரொட்டியில் ஊற்றினேன்.

ஊத்திட்டேன். பேரரசர் உயிரோட இருக்கும்போது, அவர் பேரைச் சொல்லி, நாற்பது பேர் முன்னால, செத்தவங்களுக்கு ஊத்தற மாதிரி ஊத்திட்டேன்.

மேசையில் ஒரு கத்திகூட அசையவில்லை. இது வெளியே போனால் வேலை போவது கிடக்கட்டும், வண்டியில் ஏற்றி வடக்கே நாடுகடத்திவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் என் ரொட்டியையே பார்த்தார். "இது என்ன?" என்றார்.

கயோஸ் கண் இமைக்கவில்லை. "மன்னிக்கணும் ஐயா, நான்தான் சொல்ல மறந்துட்டேன். சாதாரண ஆளுங்களுக்குன்னா குடிச்சாப் போதும். ரொம்ப உயர்ந்தவங்களுக்குன்னா ரொட்டிக்கும் ஒரு பங்கு கொடுப்போம். அவங்க ஆயுசு இந்த ரொட்டி மாதிரி ஊறிப் பெருகணும்னு. எங்க ஊர் வழக்கம்." சொல்லிவிட்டுத் தானும் ஊற்றினான். வேதபாட ஆசிரியர் ஊற்றினார். மேசை முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, கல்லாகிவிட்ட முகங்களோடு ஊற்றினார்கள்.

ஆர்செனி லூகிச்சின் முகம் மலர்ந்தது. "அருமை!" என்றார். தாராளமாக, ரொட்டி மிதக்கும் அளவுக்கு ஊற்றினார்.

செப்டம்பர் 27

தூக்கமில்லை. ஆராய்ந்து பார்க்கிறேன். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு மாலை முழுக்கச் செய்த காரியம் கையில் பழக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றது, ஒரு பெயர், கோப்பை — இவை சேர்ந்ததும் கை தானாகப் போயிற்று. இது ஒரு விளக்கம். நல்ல விளக்கம். மாணவன் யாராவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஆனால் பேரரசர் பெயரை உச்சரித்த அந்த நொடியில் எனக்குள் எதுவுமே இல்லையா? ஜார்ஜிய மொழி பேசியதற்காகத் தாழ்வாரத்தில் மண்டியிட வைக்கப்பட்ட பிள்ளைகள் யாரும் நினைவில் வரவில்லையா? தெரியவில்லை. ஒருவேளை வந்திருக்கலாம். ஒருவேளை இப்போது வருவதை அப்போது வந்ததாக நினைக்கிறேன்.

அக்டோபர் 1

ஊர் என்னை வேறு கண்ணால் பார்க்கிறது. சந்தையில் ஆப்பிள் விற்கும் பெண் காசு வாங்க மறுத்தாள். "நீங்க எங்களுக்காக ஊத்தினதுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல ஐயா" என்றாள், கண்ணைச் சிமிட்டி. தொப்பி தூக்காதவர்கள் தொப்பி தூக்குகிறார்கள்.

கயோஸிடம் அது கைத்தவறு என்றேன். தெருவில் நின்றே விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, வருஷா வருஷம் கரும்பலகையில என்ன எழுதறீங்க? எல்லா மனுஷனும் சாகறவன். பேரரசர் ஒரு மனுஷன். மூணாவது வரியைப் பசங்களை எழுதச் சொல்லிட்டு நீங்க சும்மா இருப்பீங்க. இந்தத் தடவை நீங்களே எழுதிட்டீங்க, ஒயின்ல. அதுக்குப் போய் ஏன் பயப்படறீங்க?"

"எனக்கு அந்த எண்ணம் இல்ல, கயோஸ்."

"இல்லாட்டி என்ன? எங்களுக்கு இருந்துச்சே."

அக்டோபர் 4

ஆர்செனி லூகிச் என் வகுப்புக்கு வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு சொல்கூடப் புரியாமல் முழு மணி நேரமும் கேட்டார். நான் வியர்வையில் நனைந்துவிட்டேன். முடிந்ததும் என் தோளில் கைவைத்து, "தொடர்ந்து நடத்துங்க. பேரரசருக்கு இப்படி மரியாதை செய்யறவரை எந்த மொழியில வேணும்னாலும் நம்பலாம்" என்றார்.

மணி நேரம் பிழைத்தது. மாணவர்கள் தாழ்வாரத்துக்குப் போகும்வரை பொறுத்திருந்து கத்தினார்கள். எந்த மொழியிலும் இல்லாத வெறும் சத்தம் என்பதால் தண்டிக்க வழியில்லை.

நான் மகிழ வேண்டும். எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்டும் பாடம் இப்போது ஒரு பொய்யின் மேல் நிற்கிறது.

அக்டோபர் 11

ஆர்செனி லூகிச் தேநீருக்கு வந்தார். இந்த ஊரில் அவருக்குப் பேச ஆளில்லை. தெஸ்பினே சீஸ் ரொட்டி சுட்டு வைத்தாள். ஒரே ஒரு துண்டுதான் மீதம் வைத்தார் அவர். ஒரு மகன் இருந்தானாம், கோல்யா. தொண்டையடைப்பான் நோயில் ஏழு வயதில் போய்விட்டான். அவனுக்குப் பின் மனைவி தன் ஊருக்கே திரும்பிவிட்டாளாம். "உங்க ஜனங்க மேசையில பாசமா இருக்கீங்க. எங்க ஊர்ல இப்படிக் கிடையாது" என்றார். பிறகு ஒயின் கோப்பையைத் தூக்கினார். "நீங்க நூறு வயசு இருக்கணும், எர்மலோஸ் தவீதிச். உங்களுக்கும் ரொட்டியில ஊத்தறேன். நீங்க எனக்கு உயர்ந்தவர்தான்."

ஊற்றினார். எனக்கு.

அவர் போனபின் தெஸ்பினே சிலுவை போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கறவருக்கு... அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கோழிகளுக்குப் போட்டேன்.

அக்டோபர் 17

அரச விழா விருந்து. இந்த முறை ஆர்செனி லூகிச்சே முதலில் ஊற்றினார், மற்ற ருஷ்ய அதிகாரிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். "ஊறட்டும், நல்லா ஊறட்டும்!" நகரத்துப் பிரபு ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினார். இருமல் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஊற்றவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 22

கயோஸ் ஓடி வந்தான், மூச்சு வாங்க. "அண்ணே, இன்ஸ்பெக்டர் திப்லிஸிக்குப் போறாராம்! நவம்பர் தொடக்கத்துல. ஆளுநர் மாளிகையில விருந்து. மேசை பூரா நம்ம இளவரசருங்க. அங்க எழுந்து நின்னு பேரரசர் பேரைச் சொல்லி ஊத்தப் போறாரு பாருங்க! நம்ம பாட்டன் முப்பாட்டன் காலத்துலயும் இப்படி ஒண்ணு நடந்திருக்காது!"

"அவரை ஒழிச்சிடுவாங்களே."

"ஒழியட்டுமே. பசங்களை அந்தத் தாழ்வாரத்துல மண்டி போட வைக்கற ஆளு தானே?"

ஆம். அவரேதான். போன வாரம்கூட ஒருவனை. இதை மறக்கக் கூடாது. மறக்கவில்லை.

ஆனால் தெரியாமல் ஒருவன் குழிக்குள் நடப்பதை அறிந்தும் நான் பேசாதிருந்தால், அது கைத்தவறு ஆகாது. சொன்னாலோ, மணி நேரம் போகும். என்னைக்கூட வடக்கே அனுப்பலாம். பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம்தானே இருக்கிறது? அதை எடுத்து இந்த மனிதருக்குக் கொடுக்க நான் யார்?

அக்டோபர் 24

இன்று சொல்லிவிடுவதென்று போனேன். அவர் அறை வாசல்வரை. உள்ளே ஆள் இருந்தது. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 25

உள்ளே ஆள் இல்லை. அதற்கும் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 26

தெஸ்பினேயிடம் கேட்டேன். "என்னைக் கேட்டா? சொல்லாதீங்கன்னு சொல்வேன். நீங்க கேப்பீங்களா? மாட்டீங்க. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?" பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போறதுன்னா நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள்.

அக்டோபர் 28

சொல்லிவிட்டேன்.

மதியம், பாடம் முடிந்தபின். நல்ல கோட்டு. அவர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிடுவேன்.

"ஆர்செனி லூகிச், ரொட்டியில ஒயின் ஊத்தறது செத்தவங்களுக்கு."

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. புன்னகை கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கியிருந்தது, எடுக்க மறந்த பொருள் போல. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. ஒவ்வொரு விருந்தாக மனத்தில் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வரவேற்பு. அரச விழா. என் வீடு.

"அப்போ அந்த மேசையில இருந்த எல்லாரும்..."

"என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சாங்க. முதல்ல ஊத்தினது நான். தண்டனைன்னா எனக்கு மட்டும் கொடுங்க. திப்லிஸியில நீங்க ஊத்தக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன்."

ஜன்னலுக்குப் போய் நின்றார். முதுகுதான் பேசியது. "ஏன் ஊத்தினீங்க?"

இலாரியோனைப் பற்றிச் சொன்னேன். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் என்று சொன்னேன்.

நீண்ட மூச்சு விட்டுத் திரும்பினார். "அப்போ துக்கம். வயசு. கை தவறிடுச்சு. சரி, இத்தோட விடலாம். இதை வெளியே சொன்னா ஊரே முதல்ல என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். உங்க வகுப்பு அப்படியே நடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும். இந்த அறைக்குள்ளேயே இருக்கும். 'கைதான் தவறிச்சு, பேரரசருக்குக் கெடுதல் நினைக்கல.' சொல்லுங்க." ஓரடி கிட்டே வந்தார். "தலையாட்டினாக்கூடப் போதும், எர்மலோஸ் தவீதிச்."

கருணையோடுதான் கேட்டார். அதை எழுதிவைக்க வேண்டும்.

தலையை ஆட்டத்தான் நினைத்தேன். பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் வந்தன. ஆட்டியிருக்கலாம். அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு உறுதியாகத் தெரியாதே. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்பதைத் தவிர இத்தனை வருடம் நான் அந்த வகுப்பில் வேறு என்ன சொல்லிக்கொடுத்தேன்?

"ஒருவேளை" என்றேன்.

"ஒருவேளைன்னா?"

"ஒருவேளை கை தவறியிருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியல."

"பொய் சொல்றவங்களை எத்தனையோ பேரை மன்னிச்சிருக்கேன். உங்களை எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

கதவருகே போனபோது கூப்பிட்டார். "ஊத்தும்போது என்ன சொல்வீங்க?"

"பேரைச் சொல்லி, ஒளி கிடைக்கட்டும்னு சொல்வோம்."

"சின்னப் பிள்ளைங்களுக்கும் உண்டா?"

"உண்டு" என்றேன்.

அக்டோபர் 31

உத்தரவு வந்தது. வரும் திங்கள் முதல் தர்க்கமும் ருஷ்ய மொழியில். காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ரொட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் வேலைக்கு ஆபத்தில்லை. கயோஸுக்கும் இல்லை.

நவம்பர் 2

கயோஸ் வந்தான், உட்காரவில்லை. அந்த அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "தலையாட்டச் சொன்னாரு. ஆட்டல. மாடு ஆட்டுது, கழுதை ஆட்டுது. உங்களுக்கு முடியல." கதவுவரை போய்த் திரும்பினான். "அந்த மணி நேரத்துக்காக நாற்பது பேரும் கழுத்தை நீட்டினோம், அண்ணே. நாங்க யாரும் ஒருவேளைன்னு சொல்லல."

சரிதானே அவன் சொன்னது?

ஆப்பிள் பெண் இன்று காசு வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்து.

நவம்பர் 5

திப்லிஸியிலிருந்து வந்தவர்கள் சொன்னதாகத் தெஸ்பினே சொன்னாள். ஆர்செனி லூகிச் பேரரசருக்காக எழுந்து, பேசி, ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையை வைத்தாராம். எல்லோரும் செய்வது போல. விருந்தின் கடைசியில், எல்லோரும் எழுந்து கலையும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் ரொட்டியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு உதட்டை அசைத்தாராம். இளவரசர் ஒருவர் பார்த்துவிட்டு, எதற்கென்று புரியாமல் ஊரெல்லாம் கேட்கிறாராம்.

எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

முதல் வகுப்பு, ருஷ்ய மொழியில். என் ருஷ்ய மொழி நன்றாக இருக்கிறது. எங்கும் தடுமாறவில்லை, மணி அடிப்பதற்குள் பாடம் முடிந்தது. மாணவர்கள் குனிந்து எழுதினார்கள். ஒருவரும் நிமிரவில்லை. முடிந்தபின் தாழ்வாரத்தில் சத்தம் இல்லை.

வீட்டில் தெஸ்பினே ரொட்டி அறுத்தாள், ஒயின் கொண்டுவந்தாள், இரண்டு கோப்பை வைத்தாள். நான் என் கோப்பையை எடுத்து ரொட்டியில் ஊற்றினேன்.

"யாருக்கு அண்ணா?"

"என் மணி நேரத்துக்கு" என்றேன். அவளும் ஊற்றினாள். "ஒளி கிடைக்கட்டும்" என்றாள், சர்ச்சில் சொல்வது போல.

இந்த முறை கையைக் கவனித்துக்கொண்டே ஊற்றினேன். வேண்டுமென்றே செய்யும்போது அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவேண்டும், அதற்காக. கை உயர்ந்தது, மணிக்கட்டு திரும்பியது, ரொட்டி சிவந்தது, நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி அமர்ந்தது. அப்படி இறங்கி அமர்ந்தது எனக்கு அடையாளம் தெரிந்தது. வரவேற்பு விருந்தில், மேசை முழுக்க உறைந்து நின்றதற்கு ஒரு கணம் முன்னால், அதே இடத்தில் அதுவே இறங்கி அமர்ந்தது.

ஒருவேளை என்று தொடங்கினேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

இலாரியோன், அன்று கை தவறவில்லை.